யன்னலைப் பார்த்த வாங்கு

பழைய கட்டடங்களை அளந்து படம் கீறுவது என்னுடைய தொழில். திருத்த வேலை தொடங்க முன்னர், சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கூரை மரம் எங்கே உக்கியிருக்கிறது, எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் இருக்கிறது என்பதையெல்லாம் ஒன்றும் விடாமல் படத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். கணவரோடு லண்டனுக்கு வந்த புதிதில் பகலில் கடையொன்றில் நின்று, பின்னேரங்களில் படித்துப் பிடித்த வேலை. இப்போது லேசர் கருவி வந்துவிட்டது. அறையின் நடுவில் வைத்தால் தானே சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அளந்துவிடும். என்றாலும் பழக்கம் விடாமல், கருவி சுற்றி முடிந்த பிறகு நான் ஒரு தரம் சுவரோடு சுவராக நடந்து பார்ப்பேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சின்னத் தேவாலயம் வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். மேட்டில் ஏறும் தெருவொன்றின் கடைசியில், கராஜ்கள் வரிசையாக நிற்கும் ஒரு சந்துக்குப் பின்னால் இருந்தது. அந்தத் தெருவால் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அங்கே அப்படியொன்று இருப்பது தெரியாது. விக்டோரியா மகாராணி காலத்தில் குளிக்கிற சவர்க்காரம் செய்து விற்றுப் பணக்காரரான ஒருவருக்கு அந்த மேடு முழுவதும் சொந்தமாக இருந்திருக்கிறது. அவருடைய பெரிய வீட்டை இடித்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, தெருக்களும் ஒட்டு வீடுகளும் வந்துவிட்டன. குடும்பத்துக்கென்று அவர் கட்டிய தேவாலயத்தையும், அதன் வடக்குச் சுவரோடு ஒட்டியிருந்த குடும்பக் கல்லறை மண்டபத்தையும் மட்டும் யாரும் தொடவில்லை.

கதவைத் திறந்தபோது ஈரச் சுண்ணாம்பின் மணம் வந்தது. நாற்பது பேர் இருந்தால் நிறைந்துவிடும் அளவுக்குத்தான் இடம். கூரை மட்டும் அந்த அளவுக்குப் பொருந்தாத உயரத்தில், கவிழ்த்த வள்ளம்போலக் கூராக எழும்பி நின்றது. தரையில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூப்போட்ட ஓடுகள் பதித்திருந்தார்கள். கிழக்குச் சுவரில் பீடமும் அதற்கு மேல் நிறக்கண்ணாடி யன்னலும் இருந்தன. எங்கள் கோயில்களில் சாமி கிழக்கைப் பார்த்திருக்கும். இவர்களுடைய கோயிலில் சனம் கிழக்கைப் பார்த்திருக்கும். இத்தனை வருடமாகத் தேவாலயங்களை அளந்தும், ஒவ்வொரு தரமும் உள்ளே போகும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

இடது கைப்பக்கம், அதாவது வடக்குச் சுவரில், இரும்புக் கம்பிக் கதவொன்று. அதைத் தாண்டினால் கல்லறை மண்டபம். அரைவட்டமாக வளைந்த கல்கூரை. இரண்டு பக்கச் சுவர்களிலும் பெட்டி வைப்பதற்கான தட்டுகள். பெட்டி உள்ளே போனதும் முகப்பைக் கல் பலகையால் மூடி, பெயரையும் பட்டங்களையும் நற்குணங்களையும் வெட்டியிருந்தார்கள். சவர்க்கார வியாபாரியின் பலகைதான் ஆகப் பெரியது. ஒரேயொரு தட்டு மட்டும் மூடாமல் வெறுமையாக இருந்தது.

"அது எனக்கு," என்றார் பூட்டின் திறப்போடு வந்திருந்த அம்மையார்.

அந்தக் குடும்பத்தில் லண்டனில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். எண்பதைத் தாண்டியவர். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. நெடிய உருவம், கூன் இல்லை. சுவரைப் பார்க்கும்போதும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார்.

"சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அப்பா எங்களை இங்கே கூட்டிவருவார். குளிரில் கால் விறைக்கும். ஒரு வருடம் அந்தத் தட்டைக் காட்டி, இது உன்னுடையது என்றார். பிறந்தநாள் பரிசைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார். அதற்குப் பிறகு கனகாலம் எனக்குக் கட்டிலில் சுவர்ப்பக்கம் படுக்க முடியவில்லை."

வேறு பிள்ளைகள் அப்படிப் பயப்படக் கூடாது என்றுதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்துத் தாய்மார் சிலர், கைக்குழந்தைகளோடு கூடியிருக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட அம்மையாருக்கும், வெளிநாட்டில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கும் சம்மதம். கல்லறை மண்டபத்தை மட்டும் மறைத்துவிட வேண்டும். கம்பிக் கதவையும், அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன யன்னலையும் செங்கல்லால் அடைத்துப் பூசிவிட்டால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் நின்று பார்க்கப் பெட்டிகள் தெரியாது. மண்டபம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டியதுதானே, தேவாலயத்தின் மூல வடிவத்துக்கு அதனால் பழுதில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். நாங்கள் அளந்து, அடைப்பதற்கான படத்தைக் கீறிக் கொடுத்தால் சரி.

வேலை தொடங்கிய முதல் நாளே அம்மையார் என்னைக் கேட்டார்.

"உங்கள் ஆட்கள் இறந்தவர்களை என்ன செய்வார்கள்?"

"எரிப்போம். சாம்பலைக் கடலில் கரைப்போம்."

"எவ்வளவு துப்புரவான வேலை," என்றார். உண்மையாகவே பொறாமைப்படுகிற குரல்.

சின்னக் குழந்தைகளை நாங்களும் எரிப்பதில்லை, புதைப்போம் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதன் பின்னால் வரும் கதையையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அந்தத் தேவாலயத்தில் எனக்கு விளங்காத ஒன்று, ஒரு வாங்கு, சாய்ந்து இருக்கிற மர இருக்கை. மற்ற வாங்குகள் எல்லாம் முறைப்படி கிழக்கே பீடத்தைப் பார்த்திருந்தன. வடக்குச் சுவரோரம் ஒரேயொரு சின்ன வாங்கு மட்டும் பீடத்துக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, சுவரையே பார்த்துப் போட்டிருந்தது. யாரோ இழுத்து வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், தரை மேடையோடு சேர்த்து மரமுளை அடித்து இறுக்கியிருந்தது. கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

"குழப்படி செய்கிற பிள்ளைகளை இருத்துவதற்கு," என்றார் அம்மையார். "நான் கன தரம் இருந்திருக்கிறேன்."

மத்தியானம் சாப்பிட நான் அந்த வாங்கில்தான் இருந்தேன். மற்ற வாங்குகளில் இருந்து பீடத்துக்கு முன்னால் புட்டுச் சாப்பிட எனக்கு ஒரு மாதிரி இருந்தது. டப்பாவை மடியில் வைத்து நிமிர்ந்தபோது, என் கண்ணுக்கு நேரே அந்தச் சின்ன யன்னல். கண்ணாடி இல்லை, இரண்டு கம்பிகள் மட்டும். அதற்குள்ளால் பார்த்தால் கல்லறை மண்டபத்தின் எதிர்ச்சுவர் தெரிந்தது. அதன் அடியில், மற்றத் தட்டுகளை விட எவ்வளவோ சின்னதாக ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை. அதில் ஓர் எழுத்தும் இல்லை. மண்டபத்துக்குள் நான் இரண்டு தரம் போய் வந்திருந்தேன். நிற்கிற ஆளுக்கு அது கண்ணில் படாது.

அப்போதுதான் யன்னலை வடிவாகப் பார்த்தேன். மேலே புருவம்போல ஒரு கல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே, வாங்குக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் உயரத்தில், சரிவாக வெட்டிய ஒரு கல்வரிசை ஓடியது. அந்தக் கற்களின் முகம் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வெளியே போய்த் தேவாலயத்தைச் சுற்றி நடந்தேன். அதே மாதிரியான சரிவுக் கல்வரிசை வெளிச்சுவரின் அடியிலும் ஓடியது. அது அங்கே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் அலுவலகத்துக் கட்டடக் கலைஞருக்கு போன் எடுத்தேன். என்னைவிட வயதில் இளையவர், ஆறடிக்கு மேல் உயரம். அடுத்த நாள் காலை வந்து, அந்தச் சரிவுக் கல்லின்முன் முழங்காலில் இருந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எதற்கு வைப்பது என்று உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"சுவரில் வழிகிற மழைத்தண்ணீரை அத்திவாரத்துக்குப் போகவிடாமல் வெளியே தள்ள."

"மேலே இருக்கிற விளிம்பு?"

"அதுவும் மழைக்குத்தான். யன்னலுக்குள் ஒழுகாமல்."

"தேவாலயத்துக்குள்ளே மழை பெய்யுமா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெய்திருக்கிறது. அந்தச் சுவர் ஒரு காலத்தில் வெளிச்சுவராக, காற்றிலும் பனியிலும் நின்றிருக்கிறது. குழி விழுந்த கல்லே அதற்குச் சாட்சி.

என்றாலும் அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. வேறெங்கோ இருந்து கழற்றிய பழைய கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படியும் செய்வார்கள் என்றார். வாங்கு நின்ற மர மேடை எப்படியும் உக்கிப்போயிருந்தது, கழற்றித்தான் ஆகவேண்டும். தச்சரைக் கூப்பிட்டு அடுத்த கிழமை அதைத் தூக்கினோம். அடியில், சுவரோரமாகக் கல்லில் வெட்டிய வாய்க்கால் ஒன்று ஓடியது. அதில் காய்ந்த வண்டலும், கறுத்துப்போன இலைச் சருகும். மேலே கூரை இல்லாத காலத்தில், மண்டபத்தின் தாழ்வாரத் தண்ணீர் விழுந்து ஓடிய வாய்க்கால் அது.

கட்டடக் கலைஞர் எழும்பிக் கைகளைத் தட்டிக்கொண்டார். "நாங்கள் எல்லோரும் மாறி வாசித்திருக்கிறோம். கல்லறைதான் முதலில். தேவாலயம் பிறகு வந்தது."

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டில் ஒழுங்காகி வந்தது. கம்பிக் கதவின் வாசற்படி ஏன் தேவாலயத்துப் பக்கமாகச் சரிகிறது என்று விளங்கியது, அது வெளிவாசல். மண்டபத்தின் கல் வேலை ஏன் அவ்வளவு நுணுக்கம், தேவாலயத்தின் சுவர் ஏன் வெளியே கல்லும் உள்ளே மலிந்த செங்கல்லுமாய் அவசரத்தில் கட்டிய மாதிரி இருக்கிறது என்பதும் விளங்கியது. மண்டபத்துக்குள் போய் ரோர்ச் அடித்துப் பார்த்தோம். பெரிய தட்டுகள் எல்லாம் பிற்காலத்தில் செங்கல் தடுப்பு வைத்துப் பிரித்தவை. சுவரோடு சுவராக, முதல் நாளே கட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அடியில் இருந்த, எழுத்தில்லாத அந்தச் சின்னப் பலகைக்குப் பின்னால் இருப்பது.

யன்னலின் கீழ்விளிம்பையும் பார்த்தோம். முதலில் அது உயரத்தில் இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதை வெட்டிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். உளி பட்ட அடையாளம் வேறு, கல்லின் நிறமும் வேறு. பக்கத்தில் வாங்கு. இருக்கிற ஆளின் கண்ணுக்கு வரும்வரைக்கும் வெட்டியிருக்கிறார்கள்.

கட்டடக் கலைஞர் அந்த வாங்கில் இருந்து பார்த்தார். யன்னலின் மேல்விளிம்புதான் அவர் கண்ணுக்கு நேரே வந்தது. குனிய வேண்டியிருந்தது. "நீங்கள் இருங்கள்," என்றார். நான் இருந்தேன். நேரே தெரிந்தது.

அந்தச் சின்னப் பலகையை நாங்கள் திறக்கவில்லை. அளவு போதும். பெட்டியாக இருந்தால் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும், அதைவிடக் கொஞ்சம் கூட. கைக்குழந்தையின் அளவு.

அம்மையாரிடம் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே நின்றோம். கட்டடக் கலைஞர் வாய்க்காலைக் காட்டினார், சரிவுக் கல்லைக் காட்டினார், யன்னலைக் காட்டினார். அம்மையார் ஒவ்வொன்றையும் கிட்டப் போய்ப் பார்த்தார். கடைசியில், "அந்தச் சின்னப் பலகைக்குப் பின்னால் விளக்குக்கு எண்ணெய் வைப்பார்கள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்," என்றார்.

பிறகு வாங்கில் போய் இருந்தார். அவரும் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"உங்களுக்குக் குனியாமல் தெரிகிறதா?"

"தெரிகிறது."

"அப்படியென்றால் இதில் இருந்து பார்த்த தாய் உங்கள் உயரம்." யன்னல் கம்பியில் கை வைத்தார். "அப்பா எங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்த மனிதரைப் பற்றித்தான். எவ்வளவு சவர்க்காரம் விற்றார், யாரோடெல்லாம் விருந்து சாப்பிட்டார் என்று. அவருடைய மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த இடத்தை அவர் தன் பெருமைக்காகக் கட்டினார் என்று நினைத்து இத்தனை வருடம் வெறுத்திருக்கிறேன். ஒரு பெண் வெளியே நின்று நனைகிறாள் என்று கூரை போட்டிருக்கிறார் போலிருக்கிறது."

அவர் அப்படிச் சொன்னதும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அளவு நாடாவைச் சுருட்டுகிற சாட்டில் எழும்பி வெளியே வந்துவிட்டேன். கராஜ்களுக்கு முன்னால் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடி நின்று அழுதேன். அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, "ஓகேயா?" என்று கேட்டார். ஓகே என்றேன்.

என் கதை இதுதான். நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் வருடங்களில் பிளேஸ்டோவில் ஓர் அறையில் இருந்தோம். முதல் பிள்ளை வயிற்றில். மாதம் நிறைந்த பிறகு ஒரு நாள் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. நான் காய்ச்சல் கூடி நினைவு தப்பிக் கிடந்தேன். கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்க்க வந்த தமிழ்ப் பெண்கள், "நீர் பாக்காமல் விட்டது நல்லது, பாத்தால் மறக்க ஏலாது," என்றார்கள். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். என் கணவரை இவர் என்றே எழுதுகிறேன், பேர் சொல்லிப் பழக்கமில்லை. இவர் தன் கூட்டாளி ஒருவரோடு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிறகு மகள் பிறந்தாள், வேலை வந்தது, வீடு வாங்கினோம். ஒரு சொல் பேசாமலே அவ்வளவு காலம் போய்விட்டது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது இவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். தபால் பிரிக்கும் இடத்தில் இவருக்கு வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்தால் இரவுச் சமையல் இவருடையது. நான் கைப்பையைக் கழற்றவும் இல்லை.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"பிள்ளையை எங்க வைச்சனீங்கள்?"

கத்தி நின்றது. எந்தப் பிள்ளை என்று இவர் கேட்கவில்லை.

"பிளேஸ்டோவில இருந்து பஸ்ஸில போறது. அந்தப் பெரிய சேமக்காலையில, சின்னப் பிள்ளையளுக்கு எண்டு ஒரு பக்கம் இருக்கு. ரெயில் பாதை ஓரம்."

"பிறகு போனனீங்களோ?"

"ஓம். முதல் வருசம் ரெண்டு மூண்டு தரம். பிறகு மகள் பிறந்தாப்பிறகு போகேல்லை." வெங்காயத்தைப் பலகையில் ஒதுக்கினார். "நீர் கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நான் இருந்தனான்."

இவர் அடுப்பை அணைத்தார். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் வந்து இருந்தார். வெங்காயம் வெட்டிய கை, கண்ணைத் துடைக்கவும் ஏலாது. நான் கேட்க நினைத்தது அதுவரை கேட்டது அல்ல. இது.

"முகத்தைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். நேர்ஸ் வெள்ளைத் துணியில சுத்திக் கையில தந்தவ. கொஞ்ச நேரம் வைச்சிருக்கச் சொன்னவ."

"எப்பிடி இருந்தவ?"

"தலைமயிர் நிறைய. நித்திரை கொள்ளுற மாதிரித்தான்." தன் நாடியைத் தொட்டுக் காட்டினார். "இது உம்மடை. இந்தக் குழி. அப்பிடியே உம்மடை."

அன்றைக்கு நாங்கள் சமைக்கவில்லை. இவர் அவ்வளவு காலமும் எனக்காக வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நேர்ஸ் எந்த நாட்டுக்காரி, துணியின் கரையில் என்ன நிறம், புதைக்கும்போது கூட்டாளி தேவாரம் பாடத் தொடங்கி வரி மறந்து நின்றது, எல்லாம். நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். இவரும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இவர் வழி தவறாமல் கூட்டிப்போனார். ஆனால் உள்ளே போனதும் திகைத்து நின்றுவிட்டார். அந்தப் பக்கம் முழுவதையும் சமப்படுத்திப் புல் விரித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே தனித்தனிக் கல் வைக்க விடவில்லையாம். வேலிக்கு இவ்வளவு தூரம் என்று மட்டும் இவருக்கு ஞாபகம். இங்கே என்றார், இல்லை அங்கே என்றார். வேலியைப் பார்த்து முன்னும் பின்னும் நடந்தார். வேலிக்கு அப்பால் ரெயிலொன்று போனது. இவருக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது, பரீட்சையில் கேள்வி தெரியாத பிள்ளை மாதிரி.

"காணும், வாங்கோ," என்றேன். நாங்கள் இரண்டு பேரும் புல்லில் இருந்தோம். அந்தப் பக்கம் முழுவதும் குழந்தைகள்தானே. எங்கே இருந்தாலும் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் பக்கத்தில்தான். நான் கொண்டுபோன பாலைப் புல்லில் கொஞ்சம் ஊற்றினேன். முறை தெரிந்து செய்ததல்ல. கையில் வேறொன்றும் இல்லாமல் போக மனம் வரவில்லை.

தேவாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடைக்கிற படத்தை நாங்கள் கீறவில்லை. அம்மையார் தம்பியோடு போனில் கதைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய பக்கம் மட்டும் கேட்டது. "இல்லை, சுவர் இல்லை. ஏனென்றால் அது முன்வாசல்... ஆமாம், பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் சொல்லலாம்." கதவுக்கும் யன்னலுக்கும் கண்ணாடி போடுவதென்று முடிவானது. ஈரம் உள்ளே நிற்காமல் காற்றுப் போக, மேலே ஒரு கீற்று விட்டோம். வாங்கை முந்தியிருந்த இடத்திலேயே, புதிய பலகையின்மேல் பழைய மரமுளையை அடித்து இறுக்கினார் தச்சர். தாய்மாரிடமும் கேட்டோம். அவர்களில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பயமில்லை," என்றாள். இன்னொருத்தி கொஞ்ச நேரம் அந்த வாங்கில் இருந்துவிட்டுப் போனாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மையார் தன் தட்டு விஷயத்தில் மட்டும் மனம் மாறவில்லை. அந்தப் பெண்ணுக்காக இந்த இடத்தை மன்னித்துவிட்டேன், ஆனால் நான் இங்கே படுக்க மாட்டேன் என்று சிரித்தார். தன்னை எரிக்கச் சொல்லி வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். இப்போதும் சுகமாக இருக்கிறார். குழந்தைகள் கூடுகிற நாட்களில் போய், முளைத்த பல்லையெல்லாம் காசில்லாமல் பார்த்துச் சொல்லுகிறாராம்.

மகளுக்கு எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு முப்பது நெருங்குகிறது, மான்செஸ்டரில் வேலை. தமிழ் விளங்கும், கதைக்கக் கொஞ்சம் தடக்கும். வார இறுதியில் வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இவர்தான் தொடங்கினார். தொடங்கிவிட்டு என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு அக்கா இருந்தவவா?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

கோபப்படுவாள் என்று பயந்திருந்தேன். கோபம்தான் பட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனாள். நாங்கள் இரண்டு பேரும் ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் இருந்தோம். கன நேரத்துக்குப் பிறகு இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், சப்பாத்தும் போட்டிருந்தாள்.

"போவம்," என்றாள். "இப்பவே. நான் கார் ஓடுறன்."

அன்று அவள் முன்னால் நடந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலியையும் புல்லையும் பார்த்தாள். பேர் என்ன என்று கேட்டாள். பேர் வைக்கவில்லை என்று இவர் சொன்னார். கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்குப் பேர் தேவையில்லை. அக்கா எண்டு சொல்லுறன்," என்றாள்.

திரும்பி வரும்போது பிளேஸ்டோவில் காரை நிறுத்தி, தமிழ்க் கடையொன்றில் ரோல்ஸ் வாங்கி, காருக்குள்ளேயே இருந்து சாப்பிட்டோம். நாங்கள் முந்தி இருந்த அறை எந்தத் தெருவில், எந்த ஆஸ்பத்திரி, அப்பா அன்றைக்கு என்ன உடுப்புப் போட்டிருந்தீர்கள் என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். அதிகம் கதைக்காத இவர், பின்சீற்றில் இருந்து முன்னால் சாய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.